மெல்லிய கார் கீறல்களுக்கு ரப்பிங் காம்பவுண்ட்: சில வருட அனுபவம்

அடர் நிறக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். புது வண்டியாக இருந்தாலும், சில மாதம் கழித்து வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். வெள்ளை, சில்வர் கார்களிலும் அதே கோடுகள் உண்டு, கண்ணில் படாது, அவ்வளவுதான். என்னுடையது அடர்நீல பலேனோ, மதுரையில் தெருவோரம் நிற்கிற வண்டி. கீறல் எடுப்பதற்கென்று விற்கிற பொருட்களில் பல வகைகளை வாங்கிப் பார்த்தாயிற்று. இப்போது ஷெல்ஃபில் நிரந்தரமாக இருப்பது ஒரு காம்பவுண்ட் (பெயிண்டின் மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் பசை), ஒரு பாலிஷ், நிறைய மைக்ரோஃபைபர் துணி மட்டும்தான்.

எதையும் வாங்குவதற்கு முன் கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் காம்பவுண்டுக்குச் செலவழிக்க வேண்டாம். பெயிண்டின் மேலடுக்கு நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனி பெயிண்டில் அது பொதுவாக 40, 50 மைக்ரான் கனம்தான் இருக்கும். அதன் கீழே நிறம், அதற்கும் கீழே பிரைமர். காம்பவுண்ட் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து, கீறலின் மட்டத்துக்கு இறக்குகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிளியர் கோட் போகிறது, போனது திரும்ப வராது. கீறலுக்குள் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்து, தண்ணீர் தெளித்தும் அது மறையவில்லை என்றால் நிறத்தைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீறலில் மட்டும் நிறம் வைக்கும் டச்-அப் பெயிண்ட்தான் வழி.

நான் முதலில் வாங்கியது மலிவான ஒரு ஸ்கிராட்ச் ரிமூவர். துணியில் எடுத்துத் தேய்த்ததும் கீறல் மாயமாகிவிட்டது. நாலைந்து ஷாம்பூ வாஷ் ஆனதும் அதே இடத்தில் அதே கோடு! அதில் வேலை செய்தது எண்ணெயும் மெழுகும்தான், கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு பளபளப்பு காட்டியிருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து, தேய்த்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். கோடு திரும்பி வந்தால் அது நிரப்பு வேலை. சர்வீஸ் சென்டரில் பாலிஷ் போட்டுக் கொடுத்தாலும் இதே சோதனையைச் செய்யலாம்.

மெகுயர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட் இந்தச் சோதனையில் தேறியது. அதிகம் கைவேலை வாங்கிய இடம் கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழி. மோதிரமும் நகமும் பட்டு நாலு கதவிலும் அங்கே வெண்கோடுகள். மெஷின் அங்கே நுழையாது. மைக்ரோஃபைபர் துணியை இரண்டு விரலில் சுற்றி, பட்டாணி அளவு காம்பவுண்ட் வைத்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் தேய்த்தால் போதும். முதலில் பாலாடை போல வெள்ளையாகப் பரவும், அப்புறம் மெல்ல மெல்லக் கண்ணாடியாகிவிடும். அந்த நிலை வந்ததும் நிறுத்தித் துடைத்துப் பார்க்கவேண்டும். கை வலித்தது உண்மை, ஆனால் அங்கே எடுத்த கோடுகள் இன்றுவரை திரும்பவில்லை. புதுக் கோடுகள் விழுகின்றன, அது வேறு கணக்கு.

நம்ம ஊர் வெயில்தான் இந்த வேலைக்குப் பெரிய எதிரி. பானெட் சூடாக இருந்தால் காம்பவுண்ட் தேய்ப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். காலை ஏழு மணிக்குள் நிழலில் முடித்துவிடுவது நல்லது.

பம்பர் மூலையில் இருக்கும் கறை எல்லாமே கீறல் அல்ல. பக்கத்து வண்டியின் பெயிண்ட் நம் வண்டியில் ஒட்டியிருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் கொஞ்சம் காம்பவுண்டில் பெரும்பாலும் போய்விடும். இதற்கே முழு பம்பர் பெயிண்ட் அடிக்கச் சொன்ன இடமும் உண்டு.

பானெட், ரூஃப் போன்ற பெரிய இடங்களுக்குப் பிறகு, சுழன்றுகொண்டே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்கினேன். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினை வீட்டில் கையாள நான் சொல்லமாட்டேன். ஒரே இடத்தில் சூடேறி கிளியர் கோட்டை எரித்துவிடும். டூயல் ஆக்‌ஷனிலும் மடிப்பு, ஓரங்களில் பெயிண்ட் மெலிந்திருக்கும் என்பதால் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்கிறேன். டூத்பேஸ்ட் வைத்தியம் வேண்டவே வேண்டாம், அது பல்லுக்கானது.

இத்தனைக்கும் பிறகு கோடுகள் குறைந்ததற்கு முக்கியக் காரணம் பாட்டில் அல்ல என்றுதான் சொல்வேன். தினமும் காலையில் காய்ந்த தூசியின் மேல் ஒரே துணியால் துடைத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டை நிறுத்தினேன். இப்போது முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணி அலசுவதற்கு ஒரு வாளி. போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் காயவிடாமல் உடனே துடைத்துவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் காம்பவுண்ட் பாட்டிலைத் திறக்கத் தேவைப்படவில்லை.

இடது பின் கதவில் நகம் சிக்குகிற ஒரு கோடு இன்னும் இருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன். காரின் நிறக் குறியீட்டைப் பார்த்து டச்-அப் பேனா வாங்கவேண்டும், மழைக்காலம் முடியட்டும்.