முகாமுக்குப் பயணமா, தெருவில் ஒரு பெயரா?

யூத இனப்படுகொலையை 14, 15 வயது மாணவர்களுக்குக் கற்பிக்க ஜெர்மன் ஆசிரியர்களிடம் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வதைமுகாம் நினைவகத்துக்கு அழைத்துப் போவது. மற்றது, பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்து கொல்லப்பட்ட ஒருவரின் தடத்தைத் தேடவைப்பது.

மியூனிக் பள்ளிகளுக்குப் பக்கத்திலுள்ள டாஹாவ் வதைமுகாம் நினைவகம் அரை நாள் வேலைதான். 1933 மார்ச் 22-இல் தொடங்கிய முகாம். 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டனர், 41,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் திடலில் நிற்கும்போது கிடைக்கும் அளவுணர்வைப் படத்தில் காட்ட முடியாது. ஆனால் கைதிகள் தங்கியவையாக அங்கே காட்டப்படும் இரண்டு குடில்களும் 1960-களில் திரும்பக் கட்டியவை. சொல்லாவிட்டால் அசல் என்றே நினைப்பார்கள். அதைவிடப் பெரிய தவறு, மியூனிக் யூதர்களை அங்கேதான் கூட்டமாகக் கொன்றார்கள் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் பஸ் ஏறுவது. உண்மையில், 1941 நவம்பர் 20-இல் மியூனிக்கிலிருந்து ரயிலேற்றப்பட்ட ஏறக்குறைய 1,000 யூதர்களை ஐந்தே நாளில் லிதுவேனியாவின் கௌனாஸ் ஒன்பதாம் கோட்டையில் சுட்டார்கள்.

இதெல்லாம் பெயரைத் தேடும்போது தானாகவே தெரியவரும். முதலில் ஜெர்மன் கூட்டரசு ஆவணக்காப்பகத்தின் இணைய நினைவேட்டில் பிறந்த தேதி, ஊர், நாடுகடத்திய நாள். பிறகு நாஜிக் கொடுமைக்கு ஆளானோரின் ஆவணங்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஆரோல்சன் காப்பகத்தில் மூல ஆவணங்களின் ஸ்கேன். பெர்லின்காரர் என்றால் போட்ஸ்டாம் காப்பகத்தில் 16 பக்கச் சொத்துப் படிவம் கிடைக்கலாம்: நாற்காலி, விளக்கு, சட்டை என்று நாடுகடத்தப்படுபவரே எழுதிக்கொடுத்தது. அதில் ஒரு பக்கம் போதும், ஒரு வகுப்பு நேரம் ஓடிவிடும்.

சறுக்கும் இடம் பெயர்தான். 1939 முதல் யூதப் பெண்களின் பெயரோடு ‘சாரா’, ஆண்களின் பெயரோடு ‘இஸ்ரேல்’ என்று நாஜி அரசு கட்டாயமாகச் சேர்த்தது. மாணவர்கள் அதை இயற்பெயர் என்று நம்பி நினைவுப்பலகை வாசகத்திலும் எழுதிவிடுவார்கள். கொன்றவர்கள் வைத்த பெயரில் அஞ்சலியா?

தேடிய பெயரைத் தெருவில் பதிக்க ஒரு வழி, ஜெர்மன் கலைஞர் குன்டர் டெம்னிக் தொடங்கிய நடைபாதை நினைவுக்கல்: 10 செ.மீ. கான்கிரீட் கட்டி, மேலே பெயர் பொறித்த பித்தளைத் தகடு. நகராட்சி அனுமதி, உறவினரைத் தேடுவது, தயாரிப்பு என்று பல மாதம் இழுக்கும். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்காவிட்டால் அந்த வகுப்பே மாறிவிடும். மியூனிக் பொது நடைபாதையில் இவற்றுக்கு அனுமதி இல்லை. 2018 முதல் சுவர்ப்பலகையோ கம்பமோதான். அவகாசம் இல்லையென்றால் வேறு ஊர்களில் ஏற்கெனவே உள்ள கற்களைத் துலக்கலாம்: மென்மையான பஞ்சு, பித்தளை பாலிஷ். கம்பி பிரஷ் தகட்டைக் கீறிவிடும்.

கைதியாகவும் காவலராகவும் மாணவர்களை நடிக்கவைக்கும் மூன்றாவது வழியைத் தொடவே வேண்டாம். விளையாட்டாகிவிடும், இல்லையென்றால் யாராவது அழுவார்கள்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பெயர். இரண்டும் முடிந்தால் பெயரை முதலில் முடித்து, டாஹாவைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளுங்கள்.