"இரட்டைச் சினை" என்று சொல்லி விலை கூட்டினால் நகர்ந்துவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சினைக்குதிரை தேடுகிறவர்கள் கவனத்துக்கு. தரகர் ஒருவர் ஸ்கேன் படத்தில் இரண்டு கறுப்பு வட்டங்களைக் காட்டி, "அண்ணே, உள்ள ரெண்டு குட்டி. ஒரு விலைக்கு மூணு உசுரு" என்று கூடுதல் பணம் வாங்கிவிடுகிறார். அப்படி வாங்கியவரின் குதிரைக்கு எட்டாம் மாதமே மடி இறங்கிப் பால் கசிந்தது. போனில் கேட்டதற்கு, "பால் ஊறுதுன்னா ராசிண்ணே" என்ற பதில்தான் வந்தது. நாலாம் நாள் இரண்டையும் வீசிவிட்டது. ஒன்று எப்போதோ செத்துச் சுருங்கியிருந்தது. மற்றதற்கு உடம்பை மூட மயிர்கூட முளைக்கவில்லை. முழுச் சினை பதினொரு மாதம் என்பதால் பிழைக்கவும் வழியில்லை.

வெள்ளாடு இரண்டு போட்டால் லாபம். அதே கணக்கைக் குதிரைக்குப் போடுவதில்தான் ஏமாற்று ஆரம்பிக்கிறது. குதிரையின் நஞ்சுக்கொடி கருப்பையின் உட்சுவர் முழுக்க ஒட்டிப் பரவினால்தான் ஒரு குட்டிக்கே தீனி போதும். இரண்டு இருந்தால் நஞ்சுக்கொடிகள் ஒன்றோடொன்று உரசும் இடம் வீண். இடம் குறைந்தது முதலில் சாகும், பெரும்பாலும் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். காலத்துக்கு முன்பே மடி இறங்குவது அதற்கான அறிகுறி. அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இரட்டை பெரும்பாலும் இரண்டு முட்டை வெடிப்பதால், அதாவது சூலகத்திலிருந்து வெளியே வருவதால் வருவது. இடையில் ஓரிரு நாள் வித்தியாசம் இருக்கலாம். நாள்கணக்கு ஆண் குதிரை சேர்ந்த தேதியிலிருந்து அல்ல, முட்டை வெடித்த தேதியிலிருந்து. ஆறாம் நாள் வாக்கில் கரு கருப்பைக்குள் இறங்கும். 16ஆம் நாள் வரை உருண்டையாக அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்கும், பிறகு ஒரு கொம்பின் (கருப்பையின் இரண்டு கிளைகளில் ஒன்றின்) அடியில் நிலைத்துவிடும். ஆகவே 14, 15ஆம் நாள் ஸ்கேன்தான் உயிர்நாடி. அப்போது கரு ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, வட்டமாகத் தெரியும். கருப்பையின் இரண்டு கொம்பும், உடலும், வாய்ப்பக்கமும் கருவியால் தடவிப் பார்க்க வேண்டும்; ஒன்று கண்டதும் கருவியை எடுத்துவிடுகிறவரிடம் போகாதீர்கள். இரண்டும் ஒட்டி நின்றால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிரிந்திருக்கும். பிறகு சிறியதைத் தள்ளி விரலால் நசுக்கிவிடுவார்கள், மற்றது பெரும்பாலும் தங்கிவிடும். நிலைத்த பிறகு, அதுவும் இரண்டும் ஒரே கொம்பில் இருந்தால், இது கஷ்டம்.

படத்தில் தெரியும் இரண்டாவது வட்டம் கருவாக இல்லாமல் கருப்பைச் சுவரின் நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். கட்டி இடம் மாறாது, வளராது. கரு அந்த நாட்களில் தினம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பெருக்கும். ஒரே படத்தை வைத்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு நாள் தள்ளி இன்னொன்று கேளுங்கள். 28ஆம் நாள் வாக்கில் இதயத் துடிப்புடன் மூன்றாவது. தேதி எழுதாத படம் காகிதம்தான்.

"நாப்பது நாள் போகட்டும், பாத்துக்கலாம்" என்று இழுத்தால் அங்கேதான் சூட்சுமம். 35ஆம் நாள் தாண்டியதும் கருப்பைச் சுவரில் கிண்ணம் மாதிரித் திசு உருவாகி ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். அதன் பிறகு கரு கலைந்தாலும் குதிரை மாதக்கணக்கில் ஒழுங்காகப் பருவத்துக்கு வராது, அந்த சீசன் போச்சு. அந்த ஹார்மோனைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, கரு செத்த குதிரைக்கும் "சினை உண்டு" என்றே காட்டும். ரத்த ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்கி மடித்துக் கொடுத்துவிட்டு, உங்கள் மருத்துவரை வைத்து அங்கேயே ஸ்கேன் எடுங்கள்.