புரட்டாசியில் பன்றிக்கொழுப்பு, 288 வெள்ளி: பினாங்கில் மூன்கேக் வாங்குகிறவர்கள் படியுங்கள்

288 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். பன்றிக்கொழுப்பு இல்லை என்று சொல்லி எனக்கு விற்ற பலகாரப் பெட்டிகளின் விலை அது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். இரண்டு நாள் போனால் "தொலையட்டும்" என்று நானும் விட்டுவிடுவேன். அதை நம்பித்தான் இப்படிப்பட்டவர்கள் கடை நடத்துகிறார்கள்.

கடை பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் இருக்கிறது. பெயர் வேண்டாம். பழைய கடைவீடு, வாசலில் பாவ் என்கிற ஆவியில் வேகும் பன்களின் அடுக்குகள், உள்ளே கண்ணாடிப் பெட்டி நிறையப் பலகாரம், சுவரில் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம். சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று வாங்கும் வகை. இது மூன்கேக் பருவம். சீனர்கள் நிலா விழாவுக்குச் செய்யும் பூரணம் வைத்த கேக் அது. விழா வரும் சீனர்களின் எட்டாம் மாதப் பௌர்ணமி பல ஆண்டுகளில் நம் புரட்டாசிக்குள்தான் வரும். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம், அத்தைக்குச் சனிக்கிழமை விரதமும் உண்டு.

கல்லாவில் இருந்த அம்மாள் தம்புன் பிஸ்கட் ஒன்றை நான்காக வெட்டி, பல்குச்சி குத்தி நீட்டினார். பாசிப்பருப்புப் பூரணம், வறுத்த சின்ன வெங்காயத்தின் வாசனை, தொட்டாலே உதிரும் மேலோடு. நான் வாயில் வைக்கவில்லை. அந்த மேலோடு அப்படி உதிர்வதற்குப் பழைய முறையில் பன்றிக்கொழுப்புதான் போடுவார்கள், பினாங்கில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தாவர எண்ணெய்க்கு மாறிய கடைகளும் இப்போது உண்டு என்பதால் கேட்டேன். "கொழுப்பு இல்லை அக்கா, எல்லாம் எண்ணெய்தான்" என்று மலாயில் சொன்னார். விரதம், கோவில், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று விளக்கி மறுபடியும் கேட்டேன். என் கையைத் தொட்டு, "நானும் மாதத்தில் இரண்டு நாள் சைவம், எனக்குத் தெரியாதா?" என்றார். அந்தத் தொடுகையில்தான் நம்பினேன். தாமரை விதை மூன்கேக் பெட்டி 64 வெள்ளி வீதம் மூன்று, தம்புன் பிஸ்கட் பெட்டி 16 வெள்ளி வீதம் ஆறு. மொத்தம் 288.

சனிக்கிழமை மாலை அத்தை தேநீரோடு ஒரு பிஸ்கட் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் எடுத்தார். மற்றவை உறவினர்களுக்குக் கொடுக்க வேண்டியவை. விலை தெரியக் கூடாதே என்று விலைச் சீட்டை நகத்தால் உரித்தேன். பாதி கிழிந்து வந்தது. அதன் அடியில் மலாயில் பொடி எழுத்தில் 'மெங்காண்டுங்கி லெமாக் பாபி', பன்றிக்கொழுப்பு கலந்தது என்று. அடுத்த பெட்டியை உரித்தேன், அதிலும். மூன்கேக் பெட்டியிலும். ஒன்று விடாமல் அந்த வரியின் மேலேயே விலைச் சீட்டு உட்கார்ந்திருந்தது. அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்து குளிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

பன்றிக்கொழுப்பு போடுவது அவர்கள் பழக்கம், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. இருக்கிறது என்று சொல்லி விற்கும் நேர்மையான கடைகள் இதே ஊரில் எத்தனையோ. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி மாடு, பன்றி சார்ந்த பொருள் இருந்தால் லேபிளில் எழுதியாக வேண்டும். இவர்களும் எழுதித்தான் இருந்தார்கள். எழுதிவிட்டு அதன் மேல் விலையை ஒட்டினார்கள்.

திரும்பிப் போனபோது அதே அம்மாள் என்னைப் பார்த்ததே இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். அது பழைய லேபிள், பெட்டி மட்டும்தான் பழசு என்றார். அப்படியானால் எண்ணெய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். முதலாளி இல்லை என்றார். உள்ளேயிருந்து வந்த இளைஞன், "உங்கள் ஆட்கள் மாட்டிறைச்சிதானே சாப்பிட மாட்டீர்கள்?" என்று கேட்டான். கேலியா, அறியாமையா, இன்றுவரை விளங்கவில்லை. பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாதாம். பிரிக்காத பெட்டிகள்? சீட்டு கிழிந்துவிட்டதாம்! கடைசியில் 288 வெள்ளிக்கு ஈடாக ஒரு பை காயா பாவ் (தேங்காய்ப்பால் ஜாம் வைத்த பன்) நீட்டினார்கள். வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. என் ரசீதில் மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது, பொருளின் பெயர் இல்லை. அதை வைத்து என்ன செய்வார்களோ.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. விலைச் சீட்டைக் கடையிலேயே உரித்துப் பாருங்கள். பொருள் பெயரோடு ரசீது கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். இந்தப் பருவத்தில் ஜார்ஜ்டவுனில் பலகாரப் பெட்டி வாங்கியிருப்பவர்கள் அதைக் குப்பையில் போடுவதற்கு முன் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.