வீட்டு லேத்தில் ஏ-செக்ஷன் புல்லி: 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். டூல் பிட்டில் எம்2 வாங்குவதா, எம்35 வாங்குவதா?

மினி லேத் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கார்பைடு முனை ஒட்டிய டூல் செட்டையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். வி-பெல்ட் புல்லி கடைய அது தோதுப்படாது. பெல்ட் உட்காரும் ஆழமான ஒடுங்கிய பள்ளமான காடிக்குள் இறங்கும் முனை அதில் கிடையாது. நாமே மாற்றித் தீட்டலாமென்றால் கார்பைடு தீட்டும் பச்சைச் சாணைக்கல்லோ டைமண்ட் சக்கரமோ வேண்டும். சாதாரண பெஞ்ச் கிரைண்டர் மட்டும் இருந்தால் 10 மி.மீ. சதுர, 100 மி.மீ. நீள எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) துண்டுதான் சரியான பொருள்.

கடையில் எச்.எஸ்.எஸ்.ஸின் எம்2, எம்35 என்ற இரண்டு ரகமும் கிடைக்கும். எம்35-இல் 5% கோபால்ட் கூடுதல். சூடேறினாலும் முனை மழுங்காமல் தாக்குப்பிடிக்கும். ஆனால் புல்லி டூலுக்கு 10 மி.மீ. அகலத்தில் 7 மி.மீ.யைத் தேய்த்து எடுக்க வேண்டும். எம்35-இல் அது மெதுவாகத்தான் நடக்கும். தீட்டும்போது நன்றாகச் சூடேறிய நிலையில் தண்ணீரில் முக்கினால் முனையில் மயிரிழை விரிசலும் விழும். அலுமினியத்துக்கு எம்2 தாராளமாகப் போதும். வார்ப்பிரும்பு அடிக்கடி கடைகிறவர்கள் மட்டும் எம்35-க்குக் காசு போடலாம்.

போலிச் சரக்கைக் கண்டுபிடிக்க சக்கரத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். அசல் எச்.எஸ்.எஸ்.ஸின் பொறி மங்கலாக, செம்மஞ்சளாக, குறைவாக வரும். பூப்போல வெடித்து வெள்ளையாகச் சிதறினால் அது வெறும் கார்பன் ஸ்டீல், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தீட்டும் முறை இது. 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கால் தேவையில்லாத பகுதியை முதலில் வெட்டி எறிந்துவிட்டால் சாணைக்கல் மிச்சம். 3 மி.மீ. அகலம், 14 மி.மீ. நீளத்தில் வெட்டும் அலகு (மெல்லிய முனை) விடுங்கள். முன்பக்கம் 8° சரிவு. பக்கங்கள் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் 1 முதல் 2° ஒடுங்க வேண்டும். இந்தச் சரிவு இல்லாவிட்டால் காடிக்குள் பக்கம் உரசி டூல் மாட்டிக்கொள்ளும், அலகு ஒடியும். அலுமினியத்துக்கு மேல்பக்கம் 10 முதல் 15° சாய்வு கொடுங்கள். வார்ப்பிரும்புக்குத் தட்டையாகவே விடலாம்.

காடியின் முழு வடிவத்தையும் ஒரே டூலாகத் தீட்டி நேராக இறக்கும் ஆசை பலருக்கு உண்டு. மினி லேத்தில் அது நடக்காத காரியம். பன்னிரண்டு மி.மீ. அகலம் ஒரே சமயத்தில் வெட்டும்போது டூலைத் தாங்கும் ஸ்லைடு அதிரும், காடிச் சுவர் அலையலையாக வரும்.

ஏ-செக்ஷன் என்பது வி-பெல்ட் அளவு வகைகளில் ஒன்று; அந்தப் பெல்ட்டின் இரு பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணம் 40°. ஆனால் 118 மி.மீ. வரையிலான பிட்ச் விட்டத்துக்கு (புல்லியில் பெல்ட் ஓடும் கணக்கு விட்டம்) காடி 34°தான். அதற்கு மேல் 38°. சிறிய புல்லியில் வளையும்போது பெல்ட்டின் மேல்பக்கம் இழுபட்டு ஒடுங்கும், உள்பக்கம் அமுங்கிப் பிதுங்கும். அதனால் கோணம் குறைகிறது. 40° கடைந்தால் பெல்ட் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும். 34° காடிக்கு மேலகலம் சுமார் 12.7, அடியகலம் 5.7, ஆழம் 11.5 மி.மீ.

முதலில் அலகைப் பக்கம் பக்கமாக இறக்கி 5.7 மி.மீ. அகல நேர்க்காடி எடுங்கள். பிறகு கேரேஜை (லேத்தின் நீளவாக்கில் நகரும் பகுதி) லாக் செய்து, டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடைக் கிராஸ் ஸ்லைடு (குறுக்கே நகரும் ஸ்லைடு) திசையிலிருந்து 34°-இல் பாதியான 17° திருப்பி, ஒரு மூலையால் ஒரு சுவர்; எதிர்ப்பக்கம் 17° திருப்பி, மறு மூலையால் மறு சுவர். ஸ்லைடிலுள்ள கோணக் குறியை நம்பாதீர்கள். காம்பவுண்ட் ஸ்லைடை 10 மி.மீ. நகர்த்தினால் டயல் இண்டிகேட்டர் (நகர்வை அளக்கும் கருவி) பக்கவாட்டில் 2.92 மி.மீ. காட்ட வேண்டும்.

75 மி.மீ. அலுமினியத்துக்கு 250 ஆர்.பி.எம். போதும், மண்ணெண்ணெய் விட்டால் சீவல் முனையில் ஒட்டாது. வார்ப்பிரும்புக்கு 80 முதல் 90, எண்ணெய் வேண்டாம். வார்ப்பின் மேல்தோல் கடினம். முதல் வெட்டே அதற்குக் கீழே போகாவிட்டால் எம்2 முனை உடனே மழுங்கிவிடும். வேகம் குறைத்தால் இழுவையும் குறைகிற சின்ன மோட்டார் லேத்தில் வார்ப்பிரும்பு கஷ்டம்தான்.

கடைந்ததும் புது பெல்ட் துண்டை வைத்துப் பாருங்கள். மேல்பக்கம் விளிம்போடு சமமாகவோ சற்றே உயர்ந்தோ நிற்க வேண்டும். அடியைத் தொட்டால் ஆழம் பற்றவில்லை, அல்லது காடி அகலமாகிவிட்டது.

புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவி உட்காரும் சாவிக்காடிக்கு 6 மி.மீ. சதுர எம்2 துண்டு ஒன்றைத் தனியே வாங்குங்கள். 19 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 6 மி.மீ. சாவி, துண்டின் அகலமே காடியின் அகலம், பக்கத்தைத் தீட்ட வேண்டியதில்லை. போரிங் பாரில் (துளைக்குள் டூலைக் கொண்டுபோகும் தண்டு) குறுக்கே மாட்டி, புல்லியைச் சுழற்றும் ஸ்பிண்டிலைப் பூட்டி, கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி, தடவைக்கு 0.05 மி.மீ. வீதம் 2.8 மி.மீ. ஆழம் வரை போகலாம்.