சேப்பாக்கமும் பெரியமேடும்: இரண்டு கேலரிகளில் பதினோரு ஆண்டுகள்

இந்தியன் சூப்பர் லீக் என்ற கால்பந்துத் தொடர் தொடங்கிய 2014ஆம் ஆண்டில், ஓர் ஆட்டத்தையாவது நேரில் பார்த்துவிடலாம் என்று பெரியமேட்டிலுள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்குக்குச் சென்றேன். அதுவரை மைதானம் என்றாலே எனக்குச் சேப்பாக்கம்தான். அன்று முதல், ஆட்டம் நடந்த ஆண்டுகளில் எல்லாம், நான்கைந்து கிரிக்கெட் ஆட்டங்களையும் அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கால்பந்து ஆட்டங்களையும் டிக்கெட் வாங்கி கேலரியில் உட்கார்ந்து பார்த்துவருகிறேன். இரண்டு விளையாட்டுகளில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரே ஊரில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டு மைதானங்கள் ஒரு பார்வையாளனை எப்படி நடத்தின, அவன் கண்ணை எப்படிப் பழக்கின என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

கிரிக்கெட் எனக்கு என் அப்பாவிடமிருந்து வந்தது. 1999 ஜனவரி 31 அன்று, பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் நான்காம் நாளில், அவருடைய தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். வெற்றிக்கு 271 ரன் தேவை. முதுகுவலியோடு 136 ரன் எடுத்த சச்சின், அணி 254 ரன்னில் இருந்தபோது ஆட்டமிழந்தார். எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கே ரன்னுக்குள் விழ, இந்தியா 12 ரன்னில் தோற்றது. அரங்கம் சற்று நேரம் பேச்சற்று இருந்தது. பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது கேலரி முழுவதும் எழுந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பாவும் கைதட்டினார். கிரிக்கெட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரத் தேவையும் இருக்கவில்லை.

கால்பந்தில் எனக்கு அப்படி யாரும் இல்லை. முதல் சில ஆட்டங்களில் நான் சந்தித்த பெரிய சிரமம், பேச நேரமில்லை என்பதுதான். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் இடைவெளி உண்டு. பக்கத்து இருக்கைக்காரரோடு களவியூகத்தைப் பற்றி விவாதிக்கலாம், கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரிக்கலாம், அடுத்த பந்துக்குள் கண் மைதானத்துக்குத் திரும்பிவிடும். பெரியமேட்டில் தண்ணீர் வாங்க எழுந்து போன இரண்டு நிமிடத்தில் ஒரு கோலைத் தவறவிட்டேன். அதோடு, அந்த அரங்கில் ஆடுகளத்துக்கும் கேலரிக்கும் இடையே தடகள ஓடுபாதை இருப்பதால், கீழ் வரிசையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்தில் நடப்பது ஒன்றின்மேல் ஒன்றாக மங்கலாகத் தெரியும். மேல் வரிசைதான் நல்லது என்பது இரண்டாவது பருவத்தில்தான் புரிந்தது.

மேலே போன பிறகும் என் கண் பந்தின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்றியவர், அடிக்கடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த வியாசர்பாடிப் பெரியவர் ஒருவர். இளமையில் லீக் ஆட்டங்களில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். "பந்தையே பாக்காத தம்பி. பந்து இல்லாதவன் எங்க ஓடுறான்னு பாரு. அவன்தான் அடுத்தது என்னன்னு சொல்லுவான்" என்றார். அன்றைய ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுவதும் நடுக்கள வீரர் ஒருவரை மட்டும் கவனித்தேன். பந்து வருவதற்கு முன்பே அவர் தலையைத் திருப்பி இருபுறமும் பார்ப்பதும், எதிரணியினரை இழுத்துக்கொண்டு வேண்டுமென்றே விலகி ஓடி, பின்னால் வருபவருக்கு இடம் ஏற்படுத்தித் தருவதும் எனக்குப் புதிதாகத் திறந்தன. பிறகு சேப்பாக்கத்திலும் அதே பழக்கம் தொற்றிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் பாதிக் கூட்டத்தை மட்டும் அனுமதித்து நடந்த இங்கிலாந்து டெஸ்டில் அஸ்வின் பந்துவீசியபோது, அவர் கையைப் பார்ப்பதற்கு முன் மட்டையாளருக்கு மிக அருகே, ஷார்ட் லெக்கில் நிற்கும் களத்தடுப்பாளர் எத்தனை அடி நகர்ந்தார் என்று பார்த்தேன். கால்பந்து என் கிரிக்கெட் ரசனையைக் குறைத்துவிடும் என்று அஞ்சிய நண்பர்களுக்கு நான் சொல்லும் அனுபவ உண்மை இதுதான்.

பெரியமேட்டில் நான் கண்ட மிக நல்ல இரவு 2018 மார்ச் 13. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். நம் ஊர் அணியான சென்னையின் எஃப்சி 3-0 என்று வென்றது. ஜெஜே லால்பெக்லுவா இரண்டு கோல் அடித்தார். இன்னொன்றை அடித்தவர் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ். அந்தப் பந்து வலைக்குள் போனதும் பெரியவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஏரியா புள்ள, நம்ம ஏரியா புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வடசென்னையின் மண் திடல்களில் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து ஆடுகிறார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக, ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோலை அடித்த சைமன் சுந்தர்ராஜும் தமிழ்நாட்டுக்காரர்தான். ஆகவே, இந்தியாவில் கால்பந்து ஆர்வம் இப்போதுதான் வளர்கிறது என்பதை நான் பாதிதான் ஏற்பேன். ஆடுபவர்களிடம் அது எப்போதும் இருந்தது. டிக்கெட் வாங்கிப் பார்ப்பவர்களிடம்தான் புதிதாக வளர்கிறது.

அந்தப் புதிய வளர்ச்சி எவ்வளவு இளசானது என்பதை எனக்குக் காட்டியது ஆட்டங்கள் அல்ல, ஆட்டமில்லாத காலங்கள். 2018இல் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை சூப்பர் கிங்ஸின் உள்ளூர் ஆட்டங்கள், முதல் ஆட்டத்துக்குப் பிறகு புணேவுக்கு மாற்றப்பட்டன. மஞ்சள் சட்டையோடு ரசிகர்கள் சிறப்பு ரயிலேறி அங்கேயே போனார்கள். 2019க்குப் பிறகு அந்த அணி சேப்பாக்கத்தில் நான்கு ஆண்டுகள் ஆடவில்லை. 2023 ஏப்ரல் 3 அன்று திரும்பி வந்தபோது, நேற்றுத்தான் விட்டுப்போன ஆட்டத்தைத் தொடர்வது போல அரங்கம் நிரம்பி வழிந்தது. தோனி களமிறங்கியபோது பக்கத்திலிருந்த என் மகள் காதருகே கத்தியதும் எனக்குக் கேட்கவில்லை. கால்பந்துக்கும் அதே போன்ற இடைவெளி வந்தது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு இரண்டு பருவங்கள் கோவாவில், பெரும்பாலும் ஆளற்ற அரங்குகளில் நடந்தன. 2022 அக்டோபரில் மீண்டும் பெரியமேட்டுக்குப் போனபோது, பறையடித்துப் பாடும் தீவிர ரசிகர்கள் தங்கள் பகுதியில் இருந்தார்கள். ஆனால் என்னைச் சுற்றி முன்பு வழக்கமாக உட்காரும் குடும்பங்களைக் காணவில்லை. கிரிக்கெட் வீட்டிலும் தேநீர்க் கடையிலும் தெருவிலும் வாழ்வதால், மைதானம் மூடியிருந்தாலும் அதன்மீதான ஏக்கம் கூடுகிறது. நம் ஊர் அணியின் கால்பந்தோ இன்னும் வேர் பிடித்துக்கொண்டிருக்கும் நாற்று. இரண்டு பருவம் தண்ணீர் இல்லையென்றால் வாடிவிடுகிறது.

ஐரோப்பிய லீக் ஆட்டங்களுக்காக நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும் இளைஞர்கள் என் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். 2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றபோது பட்டாசு வெடித்தார்கள். அவர்களில் இருவரைத்தான் இதுவரை பெரியமேட்டுக்கு அழைத்துப்போக முடிந்திருக்கிறது. "ஆட்டத்தின் தரம் பத்தாதுண்ணா" என்பது அவர்களின் பதில். தரத்தில் வித்தியாசம் உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால், திரையில் கேமரா காட்டுவதை மட்டுமே பார்க்க முடியும். பந்து இல்லாதவனைப் பார்க்க வேண்டுமானால் கேலரிக்குத்தான் வர வேண்டும். 2018 ஜூனில், மும்பையில் இந்தியா சைனீஸ் தைபேயை (தைவானை) 5-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்க்கச் சொற்பமானவர்களே வந்திருந்தபோது, எங்களைத் திட்டுவதற்காவது மைதானத்துக்கு வாருங்கள் என்று அப்போதைய இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி காணொளியில் கேட்டுக்கொண்டார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டம், அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டம், நிறைந்த அரங்கில் நடந்தது. அழைத்தால் வருகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று.

செலவு, வசதி பற்றியும் சொல்ல வேண்டும். 2024இல் சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டத்துக்கான மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். அதுவும் இணைய முன்பதிவு வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்து, என் முறை வந்தபோது தீர்ந்துபோயிருந்த நாட்களே அதிகம். இப்போது ஆண்டுக்கு ஓர் ஐபிஎல் ஆட்டம் பார்த்தாலே பெரிது. மிச்சமெல்லாம் டெஸ்டும் உள்நாட்டு ஆட்டங்களும்தான். கால்பந்துக்கு நானும் மகளும் போய்வர, சாப்பாட்டையும் சேர்த்து, அந்த ஒரு டிக்கெட்டின் பாதிதான் ஆகும். சேப்பாக்கத்துக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலும் பெரியமேட்டுக்குச் சென்ட்ரலிலும் இறங்கி நடந்துவிடலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பெரியமேடு எளிது: இரண்டு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும், வெளியேறுவதற்கு நெரிசலும் குறைவு.

2025 ஜூலையில், ஒப்பந்தப் புதுப்பிப்புச் சிக்கலால் இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாக ஆட்டம் தொடங்கும் செப்டம்பர் மாதம் ஆட்டமின்றியே கழிந்தது. இது எனக்கு உண்மையான வருத்தம். மறுபடியும் ஒரு இடைவெளியைத் தாங்கும் அளவுக்கு இந்தக் கேலரி இன்னும் முதிரவில்லை. அந்தச் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு வியாசர்பாடிக்குப் போய், பெரியவர் சொன்ன திடலின் ஓரத்தில் நின்று பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தோம். கேலரியும் ஓடுபாதையும் இல்லாத இடம். பந்து எங்கள் காலுக்கே வந்தது. இடது ஓரத்தில் வெறுங்காலோடு ஓடிய ஒரு பெண்பிள்ளையைக் காட்டி, "அப்பா, பந்து அந்தப் பக்கம் இருக்கு, இவ ஏன் இங்க ஓடுறா?" என்று மகள் கேட்டாள். பதில் சொல்வதற்குள் பந்து அந்தப் பிள்ளையிடம் வந்து சேர்ந்துவிட்டது.