சார்புகளின் உருமாற்றங்களை ஜியோஜீப்ராவில் கற்பித்தல்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணிதத்தில் சார்புகளின் வரைபடங்களை உருமாற்றும் பகுதியை நடத்துவதற்குச் சில ஆண்டுகளாக ஜியோஜீப்ரா என்னும் கணித வரைபட மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தொடங்கிய இந்த மென்பொருள், வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கணினியில் நிறுவிவிட்டால் இணைய இணைப்பு இல்லாத ஆய்வகத்திலும் இயங்குகிறது. நமது பாடநூல்களின் இணையச் செயல்பாடுகள் பலவும் இதையே பயன்படுத்துவதால் மாணவர்களுக்கும் இது ஓரளவு பழக்கமானதே.

இதன் பெரும்பலம், ஒரு சார்பைக் கொண்டே மற்றொரு சார்பை வரையறுக்க முடிவது. அடிப்படைச் சார்பை முதல் வரியில் கொடுத்து, அதன் உருமாற்றத்தை ஏ, பி, சி, டி என்னும் நான்கு ஸ்லைடர்களுடன் (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டைகள்) அடுத்த வரியில் ஏ × சார்பு(பி × (எக்ஸ் − சி)) + டி என்று எழுதிவிட்டால், பிறகு முதல் வரியை மட்டும் மாற்றி எந்தச் சார்பையும் சோதிக்கலாம். ஸ்லைடரின் இயல்பான படிநிலை 0.1, முதல் வாரத்தில் அதை 1 ஆக்கிவிடுவது நல்லது, ஏனெனில் புள்ளிகள் முழு எண்களில் விழும்போதுதான் மாணவர்கள் திரையில் கண்டதை வரைபடத்தாளில் உடனே சரிபார்க்க முடிகிறது.

எந்தச் சார்பைக் கொண்டு தொடங்குகிறோம் என்பதில்தான் பாடத்தின் வெற்றி இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலும் பரவளையத்தில்தான் தொடங்குகிறோம். ஆனால் எக்ஸின் வர்க்கத்தில் எக்ஸை 2எக்ஸ் ஆக்கிக் கிடைமட்டமாகச் சுருக்குவதும், மதிப்பை 4 மடங்காக்கிச் செங்குத்தாக நீட்டுவதும் ஒரே வளைவைத் தருகின்றன. ஒய் அச்சில் பிரதிபலித்தால் எதுவுமே மாறுவதில்லை. முப்படிச் சார்பிலோ இரண்டு பிரதிபலிப்புகளும் ஒன்றாகிவிடுகின்றன. அடுக்குக்குறிச் சார்பில் இடப்பக்க நகர்வே செங்குத்து நீட்சியாகத் தெரிகிறது. எது எதனால் நிகழ்ந்தது என்று பிரித்தறிய வேண்டிய மாணவருக்கு இச்சார்புகள் தொடக்கத்தில் உதவுவதில்லை.

ஆகவே (0, 0), (2, 4), (6, 0) ஆகிய புள்ளிகளை இணைக்கும், சமச்சீரற்ற முறிகோட்டுச் சார்பையே நான் முதலில் கொடுக்கிறேன். எக்ஸ் இருந்த இடத்தில் 2எக்ஸ் − 6 வந்தால் என்னவாகும் என்று கேட்டால், பலர் முதலில் பாதியாகச் சுருக்கி, பிறகு 6 அலகு வலப்புறம் நகர்த்தி, உச்சியை (7, 4)இல் வைக்கிறார்கள். அங்கே உள்ளீடு 8 ஆகிறது. 6க்கு அப்பால் சார்பே வரையறுக்கப்படவில்லை. உள்ளீடு 2 ஆக வேண்டுமானால் எக்ஸ் 4 ஆக வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்து உச்சியை (4, 4)க்குக் கொண்டுவந்த பின்னர்தான் திரையில் வரைந்து காட்டுகிறேன். முதலில் நகர்த்தினால் 6 அலகு, முதலில் சுருக்கினால் 3 அலகு என்பதை அதன்பின் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஸ்லைடரை முன்கூட்டியே கையில் கொடுத்தால் இந்தச் சிந்தனை நடப்பதில்லை. மூன்றைக் கழித்தால் வளைவு வலப்புறம் போகிறது என்பதைப் பார்த்துவிடுகிறார்கள். ஏன் என்ற கேள்வி எழாமலே போகிறது. தேர்வறையில் இருப்பது பென்சிலும் தாளும் மட்டுமே என்பதால், முதலில் கையால் ஊகித்து வரைந்து, பிறகே மென்பொருளில் சரிபார்க்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கைபேசியின் சிறிய திரையில் இரு விரல்களால் பெரிதாக்கும்போது அளவுத்திட்டம் மாறி, நீட்சியும் பெரிதாக்கலும் குழம்பக்கூடும்; அச்சின் எண்களைப் படிக்கும் பழக்கம் அவசியம்.

முறிகோட்டுச் சார்பில் இன்னொரு நல்ல கேள்வியும் உண்டு. பெருக்கியான ஏ பூச்சியமானால் வரைபடம் அதே எல்லைக்குள் ஒரு கிடைமட்டக் கோட்டுத்துண்டாகிறது. உள்ளே இருக்கும் பி பூச்சியமானாலோ கோடு இருபுறமும் முடிவின்றி நீள்கிறது. இந்த வேறுபாட்டைத் திரையில் காட்டிவிட்டுக் காரணத்தைக் கேளுங்கள். சார்பகம், அதாவது சார்பு வரையறுக்கப்பட்டுள்ள எக்ஸ் மதிப்புகள், பற்றிய விவாதம் அந்தப் பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.