சே கிடைக்கிறார், வரைந்தவர் பெயர்தான் கிடைக்கவில்லை

நாகர்கோவில் வேப்பமூடு பக்கம் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் உலகப் போராட்டப் போஸ்டர்களை மறு அச்சுப் போட்டு விற்கிறார்கள். ஒன்று 90 ரூபாய், 13க்கு 19 அங்குல ஷீட், கனமான ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன். அந்தக் காசுக்கு அச்சு அருமை, கறுப்பு சாம்பல் பூக்கவில்லை.

மூன்று வாங்கினேன். 1968 போராட்டத்தின்போது பாரிஸ் மாணவர்கள் சில்க் ஸ்கிரீனில் அவசர அவசரமாக அடித்துச் சுவரில் ஒட்டினார்களே, அந்தத் தொழிற்சாலைப் போஸ்டர்தான் முதல் தரம். புகைபோக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஓங்கிய முஷ்டி, ஒரே நிறம், ஓரமெல்லாம் பிசிறு. அந்தப் பிசிறைக் கம்ப்யூட்டரில் வழித்து எடுக்காமல் விட்டதற்கே ஒரு சபாஷ். அலங்காரத்துக்கு மாட்டாதீர்கள் என்று அதை அடித்தவர்களே அப்போது எழுதி வைத்தார்கள், சரி, எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே ஜம்மென்று இருக்கிறது.

சொதப்பல் கியூபா போஸ்டர்களில். 1966ல் ஹவானாவில் தொடங்கிய ஓஸ்பால் அமைப்பு ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் போராட்டங்களுக்கு ஆதரவாகப் போஸ்டர் போட்டு, தன் பத்திரிகைக்குள் மடித்து வைத்தே நாடு நாடாக அனுப்பியது. கீழே ஸ்பானிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு என்று நாலு மொழியில் ஒரு வரி இருக்கும், யாருக்கு ஆதரவு என்பதைச் சொல்வதே அதுதான். ஷீட்டை நிரப்ப வேண்டும் என்று அந்த வரியையே வெட்டிவிட்டார்கள்! என் வியட்நாம் போஸ்டரில் வியட்நாமே இல்லை. இன்னொன்று, தென் அமெரிக்க வரைபடமும் சே குவேராவின் முகமும் ஒன்றுக்குள் ஒன்றாக விரிந்துகொண்டே போகும் 1968 போஸ்டர், வரைந்தவர் எலெனா செரானோ என்ற பெண். கடை ஆல்பத்தில் 'சே மாடர்ன் ஆர்ட்' என்று மட்டும் போட்டிருக்கிறது.

அப்புறம், பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் நடந்த மாவட்டம் இது, கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா இங்கே பூதப்பாண்டிக்காரர். இரண்டுக்கும் ஆல்பத்தில் ஒரு தாள்கூட இல்லை. கேட்டதற்கு, "ஃபைல் கொண்டு வாங்கண்ணே, அடிச்சித் தாறேன்" என்றார் கடைக்காரத் தம்பி. மனிதர் நல்லவர்தான், வெட்டியதைக் காட்டியதும் முகம் சுளிக்காமல் வேறு அடித்துக் கொடுத்தார்.

வாங்கப் போகிறவர்கள் படத்தைச் சிறிதாக்கி, சுற்றிலும் வெள்ளை விட்டு அடிக்கச் சொல்லுங்கள், கீழ் வரி தப்பிக்கும். சுருட்டி ரப்பர் பேண்ட் போட விடாதீர்கள், லேமினேஷனில் தடம் விழுகிறது.